நாற்பது நிமிடத்தில் ஒரு வீடு

சிங்கப்பூரில் தோ பாயோவின் அடுக்குமாடிகளுக்குத் தெற்கே, தீவு விரைவுச்சாலையைத் தாண்டினால் தாய் ஜின் சாலை. எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வெயிலில் நிழல் பார்த்து நடப்பவருக்கு இருபது நிமிடம் ஆகும். அந்தச் சாலையின் 12ஆம் எண் மாடி வீட்டுக்கு இப்போது சன் யாட் சென் நன்யாங் நினைவு மண்டபம் என்று பெயர். பக்கத்திலேயே பர்மிய பௌத்தக் கோயில். கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் அடுத்த வீட்டை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போகிறவருக்கு வழிகாட்டி வாய்த்தால் அது ஒரு வீடு. தனியாகச் சுற்றினால், குளிரூட்டிய அறைகளில் வரிசையாக நிற்கும் பலகைகள்.

பலகைகள் சொல்லும் கதை இது. 1900ஐ ஒட்டி போய் சுவான் போ என்ற வணிகர் இந்த வீட்டைக் கட்டினார். அப்போது அதற்கு பின் சான் இல்லம் என்று பெயர். அது அவருக்கு வேண்டிய ஒரு பெண்ணின் பெயர் என்பார்கள். 1905இல் ரப்பர் வணிகர் தியோ எங் ஹோக் தம் தாயார் முதுமையில் நிம்மதியாக இருக்கட்டும் என்று இதை வாங்கி, வான் சிங் யுவான் என்று பெயர் மாற்றினார். மறு ஆண்டே சீனப் புரட்சித் தலைவர் சன் யாட் சென்னின் பயன்பாட்டுக்கு வீட்டைத் திறந்துவிட்டார். 1906இல் தோங்மெங்ஹுய் புரட்சிக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளை இங்கேதான் உருவானது. 1907, 1908இல் தென்சீனத்தில் நடந்த ஹுவாங்காங், செனான்குவான், ஹெக்கோவ் எழுச்சிகளுக்கு இங்கிருந்து திட்டமும் பணமும் போயின. மூன்றும் தோற்றன. 1911இல் வெடித்த புரட்சியில் சீனாவின் சிங் மன்னராட்சி கவிழ்ந்தது. வீடு கைமாறியது, பாழடைந்தது. 1937இல் ஆறு சீன வணிகப் பெருமக்கள் சேர்ந்து அதை வாங்கிச் சீனர் வர்த்தகச் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். 1994இல் தேசிய நினைவுச்சின்னம். 2009இல் தேசிய மரபுடைமைக் கழகம் நிர்வாகத்தை ஏற்றது. புதுப்பிப்புக்குப் பிறகு 2011 அக்டோபரில், சீனப் புரட்சியின் நூற்றாண்டையொட்டி, மறுபடி திறந்தார்கள்.

ஒரு பத்தியில் அடங்கிவிடுகிற இந்தச் செய்தியை நாற்பது நிமிடம் நடந்து கேட்க மனிதர்கள் ஏன் வருகிறார்கள்? குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம். பலகைகள் தெளிவாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனாலும் வழிகாட்டி வரும் நேரம் பார்த்து வருகிறவர்கள் உண்டு. அந்த வழிகாட்டி அநேகமாக முழுநேர ஊழியர் இல்லை. வாரத்தில் ஒரு நாளோ, மாதத்தில் இரண்டு முறையோ வந்து நிற்பவர். வேறொரு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிற தாய், படித்துக்கொண்டே கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் மாணவர். சரித்திர வீடுகள் உலகம் முழுக்க இப்படிப்பட்டவர்களின் தொண்டையை நம்பித்தான் நடக்கின்றன. இந்த ஏற்பாடு எந்த இடத்தில் நன்றாக வேலை செய்கிறது, எந்த இடத்தில் வீட்டையும் வழிகாட்டியையும் ஒருசேரக் கைவிடுகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் இவர்கள் மூன்று வகை. ஒரு வகை தொண்டூழியர். 1978இல் தொடங்கிய அரும்பொருளக நண்பர்கள் அமைப்பு ஆங்கிலத்திலும், மற்றக் குழுக்கள் மாண்டரினிலும் ஜப்பானிய மொழியிலும் ஆட்களைப் பழக்கி அனுப்புகின்றன. பயிற்சி மாதக்கணக்கில் நீளும். படிக்க வேண்டும், எழுத வேண்டும், சக வழிகாட்டிகள் முன்னால் சொல்லிக் காட்டித் தேற வேண்டும். சம்பளம் கிடையாது. இன்னொரு வகை கூலிக்கு வருகிறவர். சுற்றுப்பயணிகளைப் பணம் பெற்றுக்கொண்டு அழைத்துப் போக சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர் காலையில் மரினா பே, மத்தியானம் தேக்கா, சாயங்காலம் இந்த வீடு என்று ஓடுவார். மூன்றாம் வகை, அரும்பொருளகமே பகுதிநேர ஊழியராக எடுப்பவர். சட்டப்படி வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் குறைவாக வேலை செய்பவர் பகுதிநேர ஊழியர். மாதம் 50 வெள்ளிக்கு மேல் வாங்கினால் அவருக்கும் முதலாளி மத்திய சேமநிதி கட்ட வேண்டும். ஆக இந்த வேலையில் சம்பளமில்லாதவர், சுற்றுக்குக் கூலி பெறுபவர், மணிக்கணக்கில் சம்பளம் பெறுபவர் என்று மூன்று பேர் ஒரே படிக்கட்டில் ஏறுகிறார்கள். வருகையாளருக்கு மூவரும் ஒருவரே.

நானும் கொஞ்ச காலம் இன்னொரு பழைய வீட்டில் வார இறுதிகளில் குழுக்களை அழைத்துச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். எந்த வீடு என்பது இங்கே முக்கியமில்லை. அங்கே கற்றுக்கொண்டது ஒன்று: நன்றாகச் சொல்பவர்கள் எல்லாரும் நிறையப் படித்தவர்கள் இல்லை. வெளியே ஒரு வாழ்க்கை வைத்திருப்பவர்கள் அவர்கள். கட்டுமானத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் உத்தரத்தைத் தட்டிக் காட்டுவார். எந்த இடத்தில் மரம் மாற்றப்பட்டிருக்கிறது என்று குழு நிமிர்ந்து பார்க்கும். செவிலியராக இருந்த ஒருவர் அடுக்களைக்குள் நுழைந்ததும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, கழிவு எங்கே போனது என்று கேட்பார். காலரா பற்றிப் பேச்சு வரும். முழுநேரக் காப்பாளருக்கு இதெல்லாம் தெரியாதென்று சொல்ல மாட்டேன். அவருக்கு அதைச் சொல்ல நேரமில்லை, சொல்லும் வழக்கமும் இல்லை. பகுதிநேரக்காரர் தம் தொழிலின் கண்ணோடு வீட்டுக்குள் வருகிறார். இந்த ஏற்பாட்டின் முதல் பலம் அதுதான்.

இரண்டாவது பலம், பகுதிநேரக்காரருக்குப் பேச்சு மொழி வரும். அரும்பொருளகத்தின் எழுத்து மொழி பல கைகள் திருத்திய மொழி. யாரையும் புண்படுத்தாது, யாரையும் நிறுத்தியும் வைக்காது. கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பேச்சின் பலம் சட்டென்று புரியும். ராமாயணம் எல்லாருக்கும் தெரியும்; பாகவதர் இன்றைக்கு எந்தக் கிளைக்கதையில் உட்காரப் போகிறார் என்பதைக் கேட்கத்தான் கூட்டம் வருகிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக 1957இல் ஃபிரீமன் டில்டன் எழுதிய நூல் இந்தத் துறையின் பாலபாடம். தகவலைக் கொட்டுவது விளக்கம் ஆகாது என்பதே அவர் வாதத்தின் சாரம். கிளைக்கதையில் உட்காரத் தெரிந்தவருக்கு டில்டன் தேவைப்படாது.

கிளைக்கதை தேர்கிற இந்த உரிமையில்தான் கோளாறும் இருக்கிறது.

வான் சிங் யுவானையே எடுத்துக்கொள்வோம். நாற்பது நிமிடச் சுற்றில் பெரும்பகுதி ஒரே மனிதருக்குப் போய்விடுகிறது. சன் யாட் சென் 1900க்கும் 1911க்கும் இடையே சிங்கப்பூருக்கு ஒன்பது முறை வந்தார். அவற்றுள் சில முறைதான் இந்த வீட்டில் தங்கினார். வீடு கட்டப்பட்டு ஒரு நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. அவர் இங்கே படுத்துறங்கிய நாட்களைக் கூட்டினால் அந்த நூற்றாண்டில் ஒரு கீற்றுகூடத் தேறாது. பெயர்ப்பலகை அவருடையது, தோட்டத்துச் சிலை அவருடையது. புதிதாக வந்த பகுதிநேரக்காரர் பத்திரமான வழியில் நடக்கிறார். பிறப்பு, ஹவாய், லண்டனில் சீனத் தூதரகம் கடத்திவைத்த சம்பவம், புரட்சி, குடியரசு. இதை எந்த நாட்டில் உள்ள எந்தச் சன் யாட் சென் நினைவகத்திலும் சொல்லலாம். சொல்கிறார்கள். அதற்கு இந்த வீடே வேண்டாம்.

இந்த வீட்டுக்கு மட்டும் உரிய கதை பெண்களிடம் இருக்கிறது. ஒரு பெண்ணுக்காக என்று முதல் பெயர் வந்தது. ஒரு தாய்க்காக மறுபடி வாங்கப்பட்டது. தோங்மெங்ஹுய்யின் கொடியைத் தியோ எங் ஹோக்கின் மனைவி இங்கே தைத்துக் கொடுத்தார் என்பது வீட்டின் வழிவழிச் செய்தி. சன் யாட் சென்னோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, தோழர்களுக்குச் சமைத்துப் போட்ட சென் சூய்ஃபென் இங்கே தங்கியிருக்கிறார். புரட்சி வென்ற பிறகு சரித்திரப் புத்தகங்கள் அவரை ஏறக்குறைய மறந்துவிட்டன. இவர்களைப் பற்றி அரும்பொருளகம் மௌனம் சாதிக்கிறது என்று சொன்னால் அது நியாயமில்லை; காட்சிப் பொருள்களில் இவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பேச்சில், கடைசி ஐந்து நிமிடத்தில், கழிவறை எங்கே என்று ஒருவர் கேட்கிற நேரத்தில் வருகிறார்கள். வழிகாட்டி விரும்பினால் அங்கேயே சுற்றைத் தொடங்கலாம். அம்மாவுக்கு வாங்கிய வீட்டை மகன் ஒரு வருஷத்துக்குள் தலைமறைவுக் கூட்டங்களுக்குத் திறந்துவிட்டால், அந்த அம்மா காலையில் எழுந்து என்ன பார்த்திருப்பார்? இந்த ஒரு கேள்வி போதும், பதினைந்து பேர் குழு வாயை மூடிக்கொண்டு பின்னால் வரும்.

அதை ஏன் பெரும்பாலோர் செய்வதில்லை? தைரியம் இல்லாமல் இல்லை. வாரம் ஒரு முறை வருகிறவருக்குத் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் எப்போதும் உண்டு. அலுவலகத்தில் அவருக்கு மேசை கிடையாது. ஆவணங்கள் அவர் கைக்கு வருவதில்லை. கையேடு ஒன்று கொடுப்பார்கள். அதில் உள்ளதைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கையேட்டைத் தாண்டினால், குழுவில் சீன வரலாறு படித்த ஒரு பேராசிரியர் நின்றுகொண்டிருக்கலாம். ஆகவே கையேடே மந்திரமாகிறது. அதில் சிரிப்பு வாங்கிய இடங்கள் மட்டும் நாளாக ஆகப் பெரிதாகும். நானே ஒரு சின்ன நகைச்சுவைக்காக ஒரு முழு அறையைச் சுருக்கியதுண்டு. எனக்குப் பின்னால் வந்த புதியவரும் அதே இடத்தில் அதே வாக்கியத்தைச் சொல்கிறார் என்று தெரிய வரும்போதுதான் உறைக்கும்: வழிகாட்டிகள் ஒருவரை ஒருவர் கேட்டுக் கேட்டு ஒரு பாட்டை உருவாக்கிவிட்டார்கள், அதற்கு மூலம் எது என்று இனி யாருக்கும் தெரியாது. கொடியைத் தைத்த கதைக்கு ‘சொல்லப்படுகிறது’ என்ற ஒரு சொல் அவசியம். நூறாவது முறை சொல்லும்போது அந்தச் சொல்தான் முதலில் உதிர்கிறது.

இனி, தமிழ் வாசகர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம். தியோ எங் ஹோக்கின் வணிகம் சரிந்த பிறகு வீடு ஓர் இந்திய வணிகர் கைக்குப் போனதாக அதன் வரலாற்றில் ஒரு வரி வருகிறது. ஒரே ஒரு வரி. ஆங்கிலச் சுற்றில் அது அரை நொடியில் கடந்துபோகும்: புரட்சி முடிந்தது, விற்றார்கள், 1937இல் மீட்டார்கள். அந்த வரியில் நின்றுவிடுகிற வழிகாட்டி ஒரு தமிழராகத்தான் இருப்பார் என்று சட்டமில்லை. ஆனால் நிற்கக் காரணம் உள்ளவர் தமிழரோ குஜராத்தியோதான். தோ பாயோவுக்குப் பக்கத்தில், பாலஸ்டியரில், சீனப் புரட்சியின் தொட்டிலுக்கு ஓர் இந்தியர் சொந்தக்காரராக இருந்த அந்த ஆண்டுகளில் அங்கே யார் குடியிருந்தார்கள், வாடகை யார் கொடுத்தார்கள் என்று அவருக்குத்தான் தோன்றும்.

இழைகள் அதோடு முடிவதில்லை. தியோ எங் ஹோக் ரப்பர் வணிகர். ஈசூன் பேட்டைக்குப் பெயர் தந்த லிம் நீ சூன் அவருடைய சகோதரியின் மகன். ரப்பரிலும் அன்னாசியிலும் பணம் சேர்த்தவர். மலாயாவில் ரப்பர் என்றால் பால்மரம் வெட்டியவர்களில் பெருந்தொகை தமிழர்கள். புரட்சிக்குப் போன பணத்தில் எந்தத் தோட்டத்து வியர்வை எவ்வளவு என்று கணக்குப் போட முடியாது. ஆனால் ரப்பர் என்ற சொல் சுவரில் இருக்கும்போது தோட்டம் என்ற சொல் ஏன் இல்லை என்று கேட்கலாம். இன்னொன்று: 1907இல் தலை துண்டிக்கப்பட்ட சீனப் புரட்சிப் பெண் சியூ சின், தோக்கியோவில் தோங்மெங்ஹுய்யில் சேர்ந்தவர். அவரைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தி எழுதியவர் பாரதி. ஆங்கிலேய அரசுக்குத் தப்பிப் பிரெஞ்சுப் புதுச்சேரியில் இருந்த கவிஞருக்கும், ஒவ்வொரு நாடாகத் துரத்தப்பட்டுக்கொண்டிருந்த சன் யாட் சென்னுக்கும் ஒரே காலம், ஏறக்குறைய ஒரே நிலைமை. இந்த வீட்டில் நின்றுகொண்டு அதைத் தமிழில் சொன்னால் கேட்பதற்குத் தேக்காவிலிருந்து ஒரு குழு வராதா?

சுற்றுகள் இங்கே ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் நடக்கின்றன. தமிழ்ச் சுற்று வேண்டுமென்றால் கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போக வேண்டும் என்பது எழுதப்படாத ஏற்பாடு. சீன வீட்டுக்குச் சீனர், இந்திய நிலையத்துக்கு இந்தியர், மலாய் அரண்மனைக்கு மலாய்க்காரர். யாரும் திட்டம் போட்டு இப்படிப் பிரிக்கவில்லை. ஆர்வமுள்ளவர் தத்தம் வீட்டைத் தேடிப் போகிறார், அவ்வளவுதான். விளைவு என்னவோ ஒன்றுதான்: ஒவ்வொரு வீட்டிலும் அந்தந்த இனத்தின் பெருமையே சத்தமாகக் கேட்கிறது. சிங்கப்பூரின் சரித்திர வீடு ஒவ்வொன்றிலும் மற்ற இனத்தார் சமையற்காரராகவோ, காவற்காரராகவோ, கடன் கொடுத்தவராகவோ, பின்னாளைய சொந்தக்காரராகவோ வந்துபோயிருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கிற கண் பகுதிநேரக்காரருக்கு இருக்கலாம் என்று மேலே சொன்னேன். அந்தக் கண் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை.

போய்ச் சேராததற்கு ஆர்வம் மட்டும் காரணமில்லை, காசும் காரணம். சம்பளமில்லாத வேலைக்குப் பகலில் வரக்கூடியவர் யார்? வீவக வீட்டுக் கடன் முடிந்தவர், அல்லது துணைவரின் சம்பளத்தில் குடும்பம் நடக்கிறவர். பாதுகாவலராகப் பன்னிரண்டு மணி நேர முறையில் வேலை பார்க்கிற தமிழருக்குச் சரித்திரத்தில் எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் செவ்வாய்க்கிழமை காலையில் வர முடியாது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய கோளாறும் இல்லை. சிகாகோ கலை நிறுவனம் 2021இல் தன் நீண்டகாலத் தொண்டூழிய வழிகாட்டிகள் திட்டத்தை நிறுத்தியது. பகலில் ஓய்வுள்ள, வசதியான, வயதான வெள்ளைக்காரப் பெண்களே பெரும்பாலும் அதில் இருந்தார்கள், நகரத்தின் முகம் அதில் இல்லை என்பது வாதம். சம்பளம் கொடுத்து ஆட்களை எடுப்போம் என்றார்கள். பல்லாண்டுகள் உழைத்தவர்களை ஒரு கடிதத்தில் அனுப்பியதற்குக் கண்டனமும் பலமாக எழுந்தது. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. அந்த நிறுவனம் நோயைச் சரியாகப் பார்த்தது. மருந்தை முகத்தில் வீசியது.

சம்பளம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்பதற்கு நியூயார்க் பதில் சொல்கிறது. ஆர்ச்சர்டு தெருவின் 97ஆம் எண் கட்டடம் 1863இல் ஏழைக் குடியேறிகளுக்காக எழுந்த அடுக்கு வீடு. 1988இல் அதை டெனமென்ட் அரும்பொருளகமாக்கினார்கள். பெரிய மனிதர் யாரும் வாழாத வீட்டை அரும்பொருளகமாக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய இடம் அது. உள்ளே தனியாகச் சுற்ற விட மாட்டார்கள், வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அந்த வழிகாட்டிகள் பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் பகுதிநேரக்காரர்கள். 2019இல் ஊழியர்கள் தொழிற்சங்கத்தில் சேர வாக்களித்தார்கள். பசித்த குடியேறிகளின் தொழிலாளர் போராட்டத்தை நாள் முழுக்கச் சொல்கிறவர்கள் தங்களுக்கும் ஒரு சங்கம் வேண்டும் என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. 2020இல் கொவிட் வந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட பகுதிநேரக்காரர்களை ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கினார்கள். வழிகாட்டியே அரும்பொருளகம் என்று இருந்த இடத்திலும் முதலில் வெட்டுப்பட்டது வழிகாட்டிதான். சம்பளம் நியாயத்தைத் தரும், பாதுகாப்பைத் தராது.

தமிழ்நாட்டில் பிரச்சினை வேறு மாதிரி. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த சின்ன வீடு இருக்கிறது. 2003 முதல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதைப் பேணுகிறது. ஜன்னலோரம் ஒரு கட்டில், உள்ளே அடுக்களை. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்தான் வழிகாட்டி. கணக்கு மேதையைப் பற்றி அவர் நாற்பது நிமிடம் பேச மாட்டார். செருப்பைக் கழற்றச் சொல்வார், கட்டிலைக் காட்டுவார், விலகி நின்றுகொள்வார். ஒரு வகையில் அது பெரிய விடுதலை. அந்தக் கட்டிலின் குறுகல் நமக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும். ஆனால் அவருடைய தாய் கோமளத்தம்மாள் சோற்றுக்கு என்ன பாடு பட்டார், லண்டனிலிருந்து காசநோய் என்று சொல்லித் திரும்பிய மகனை இந்தத் தெரு எப்படி ஏற்றது என்று கேட்கத் தோன்றுகிறவருக்கு அங்கே ஆள் இல்லை. திருவல்லிக்கேணியில் பாரதி இருந்த வீட்டிலும் படங்கள் நிறைய, பேச்சு குறைவு. பேசாத வீடும் கோளாறுதான், ஒரே பாட்டைப் பாடும் வீடும் கோளாறுதான். எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர வேண்டியிருந்தால் கும்பகோணத்தைத் தேர்வேன். குறைந்தபட்சம் அங்கே யாரும் என் கண்ணை வேறு பக்கம் திருப்புவதில்லை.

ஒலிக்கருவி வந்துவிட்டதே, ஆள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டில் ஒலிக்கருவிதான் வழிகாட்டி. அந்தக் குறுகிய படிகளில் ஆள் நின்று பேசினால் கூட்டம் நகராது, மௌனமும் கெடும். அங்கே அது பொருந்துகிறது. ஒலிக்கருவியிடம் கேள்வி கேட்க முடியாது என்பது மட்டுமே அதன் குறை. அந்தக் குறை சிறியதில்லை.

ஒரே இனத்தின் பெருமை மட்டும் கேட்கும் வீடுகளுக்குப் பினாங்கில் ஒரு மாற்று உதாரணம் உண்டு. ஆர்மீனியன் தெரு 120ஆம் எண் வீடும் சன் யாட் சென்னின் தோங்மெங்ஹுய் இயங்கிய இடம்தான். 1926இல் ஒரு குடும்பம் வாங்கியது, இன்றும் அந்தக் குடும்பத்தின் பராமரிப்பில் இருக்கிறது. அதைக் காப்பாற்றி அரும்பொருளகமாக்கிய கூ சல்மா நசூத்தியோன் ஒரு வரலாற்றாசிரியர். பினாங்குச் சூலியாக்களைப் பற்றி, அதாவது தமிழ் முஸ்லிம்களைப் பற்றி, 2014இல் பெரிய நூல் எழுதியவர். ஒரே தலைக்குள் சீனப் புரட்சி வீடும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் இருப்பதால் அந்த வீட்டிலிருந்து தெருவுக்கு வெளியே பார்க்க முடிகிறது. தாய் ஜின் சாலை வீடு பெரிது, சீர்பட்டது, அரசின் பணம் உள்ளது. வெளியே பார்க்கும் ஜன்னல்தான் அங்கே குறைவு.

என் பார்வையில் பகுதிநேர வழிகாட்டலின் பெரிய குறை வழிகாட்டியிடம் இல்லை. ஒரு சுற்று முடிந்ததும் வீடு அவரை மறந்துவிடுகிறது; அதுதான் குறை. ஒவ்வொரு சுற்றிலும் மனிதர்கள் கேட்கிறார்கள்: அம்மா எங்கே தூங்கினார், இவ்வளவு பெரிய வீட்டைத் துடைத்தது யார், ஹெக்கோவில் தோற்ற சில நூறு வீரர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் சிங்கப்பூருக்கு அனுப்பினார்களே, அவர்கள் எங்கே படுத்தார்கள், யார் வேலை கொடுத்தார்கள். கடைசிக் கேள்விக்கு ஆவணத்தில் பதில் உண்டு. ஆதரவாளர்கள் அவர்களுக்காகக் கல்லுடைக்கும் இடம் ஒன்றையே ஏற்படுத்தினார்கள். அதைக் கேட்டவருக்குச் சொல்ல வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அந்தக் கேள்வி ஆய்வாளரின் மேசைக்குப் போக வேண்டும். வருகையாளர் எண்ணிக்கையை எண்ணுகிறார்கள், திருப்தியை ஐந்து நட்சத்திரத்தில் அளக்கிறார்கள், கேள்விகளை மட்டும் யாரும் சேர்ப்பதில்லை. வழிகாட்டி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். அவர் விலகும்போது அவரோடு அது போய்விடுகிறது.

செய்ய வேண்டியது எளிது. சுற்று முடிந்த பிறகு அரை மணி நேரம், சம்பளத்தோடு, கேட்கப்பட்டதை எழுதிவைக்க. தொண்டூழியர் என்றால் அவருக்குப் போக்குவரத்துச் செலவும் ஒரு வேளைச் சாப்பாடும். மாதம் ஒரு முறை ஆய்வாளர் உட்கார்ந்து அதைப் படித்து, தெரிந்ததற்குப் பதில், தெரியாததற்குத் தேடல். இப்படிச் செய்தால் கையேடு ஒவ்வொரு வருஷமும் மாறும், பாட்டும் மாறும். பகலில் வர முடியாதவருக்காக மாதத்தில் ஒரு இரவுச் சுற்று. ஆண்டுக்குச் சில முறையாவது சீன வீட்டில் தமிழ்ச் சுற்று, இந்திய நிலையத்தில் மலாய்ச் சுற்று.

இதைச் சொன்னால் அரும்பொருளகங்களில் வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். கேள்வி என்றா நினைக்கிறீர்கள், பாதிக்கு மேல் ‘இங்கே பேய் உண்டா’ என்பதுதான் என்கிறார்கள். உண்மைதான், சிங்கப்பூரில் எந்தப் பழைய வீட்டில் நின்றாலும் அந்தக் கேள்வி வரும், பள்ளிப் பிள்ளைகள் வந்தால் முதல் கேள்வியே அது. அதையும் எழுதிவைக்கட்டும். கேட்கிற பிள்ளைக்கு அதன் பாட்டி ஏதோ சொல்லியிருப்பாள். ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரை இந்த வீடு அவர்களுடைய தகவல் தொடர்பு நிலையமாக இருந்தது. பேயைக் கேட்கிற பிள்ளை பெரும்பாலும் அந்த மூன்றரை வருஷத்தைத்தான் கேட்கிறது.